நாடி புடிக்கிற மெஷினும் நம்மூட்டுப் பொண்ணும்

வாம்மா கண்ணு, இப்பிடி ஒக்காரு. பிளஸ் டூ முடிச்சிட்டு மெடிக்கல் அசிஸ்டென்ட் படிக்கப் போறியாமே? உங்கப்பன் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு வந்து, "ஏஐ வந்துடுச்சாம்பா, இந்தப் படிப்புலாம் இன்னும் அஞ்சு வருசத்துல செல்லாக்காசாம்"னு பொலம்புறான். யார்றா சொன்னதுன்னா வாட்ஸ்அப்ல வந்துச்சாம். சிப்காட்டுக்கு நெலத்தக் குடுத்தப்பகூட அவன் இவ்ளோ யோசிக்கல.

இந்த மாதிரி ஜோசியம் நான் நெறைய கேட்டாச்சு. 1998ல ஹூண்டாய்க்காரன் சான்ட்ரோவ நம்ம இருங்காட்டுக்கோட்டையில செய்ய ஆரம்பிச்சப்போ, உள்ள வெல்டிங் அடிக்கிறது ரோபோவாம், நம்ம பசங்க கேட்டாண்ட நின்னு வேடிக்கதான் பாக்கணும்னாங்க. இன்னிக்கு விடிகாலையில ரோட்டுக்குப் போயி ஷிஃப்ட் பஸ்ஸ எண்ணிப் பாரு. 2016ல ஜெஃப்ரி ஹின்டன்னு ஒரு பெரிய மனுசன், எக்ஸ்ரே பாக்குற டாக்டருக்குப் படிக்க வெக்கிறதையே நிறுத்துங்க, அஞ்சு வருசத்துல மெஷின் மிஞ்சிடும்னாரு. எட்டு வருசம் கழிச்சு அவருக்கு நோபல் பரிசு வந்துச்சு. எக்ஸ்ரே டாக்டருங்க இப்பவும் தலைநிமிர நேரமில்லாம படம் பாத்துக்கினு கீறாங்க. பெரிய படிப்பாளி ஜோசியம் சொன்னாலும் ஜோசியம் ஜோசியந்தாம்மா.

நான் டவுசர் போட்ட காலத்துல டாக்டருங்கிட்ட கம்பவுண்டர்னு ஒருத்தர் இருப்பாரு. செவப்புத் தண்ணி மிக்சரக் கலக்கி, வேளைக்கு ஒரு பல்லுன்னு காகிதத்த நறுக்கி பாட்டில் மேல ஒட்டிக் குடுப்பாரு. கம்பெனிக்காரன் மாத்திரைய அட்டையில அடைச்சுக் கொண்டாந்தான், கலக்குற வேலை போச்சு. கலக்க மட்டும் தெரிஞ்சவன் வூட்டுக்குப் போனான். ஆளப் பாக்கத் தெரிஞ்சவன் டாக்டர் ரூம் வாசல்ல ஸ்டூலப் போட்டுக்கினான். எந்தக் கொழந்தைக்குக் கழுத்து தொவளுது, எந்தக் கெழவன் சும்மா பேச வந்துகிறான்னு பாத்து ஆள உள்ள விடறது அவன் வேலை. டாக்டரவிட அவனுக்குத்தான் கும்புடு அதிகம்.

ஒண்ணுமே போவாதுன்னு ஒன்ன நான் ஏமாத்த மாட்டேன். ரிஜிஸ்டர் எழுதறது, டோக்கன் குடுக்கறது, பிபி நம்பரப் பாத்து கம்ப்யூட்டர்ல தட்டறது, வருசாந்திர செக்கப் ரிப்போர்ட்ட அடுக்கறது, அத்தனையும் மெஷின் முழுங்கிடும். முழுங்கட்டும், அதுக்குப் பசி அதிகம். ஒடிசாக்காரப் பையன் வயித்த வலியச் சொன்னா போனே தமிழ்ல மாத்திச் சொல்லுது. கையில தூக்கிக்கினு போற எக்ஸ்ரே பொட்டி வந்துடுச்சு, நெஞ்சுல டிபி நெழல் கீதான்னு மொதல்ல கம்ப்யூட்டரே பாத்துடுது.

அதுக்கப்புறம்? 2022லேர்ந்து நம்ம கவர்மென்ட்டு காசநோய் இறப்பில்லாத் திட்டம்னு ஒண்ண நடத்துது. ஆள் எவ்ளோ வத்திக்கிறான், கால் வீங்கிக்கீதா, நிமிசத்துக்கு எத்தன மூச்சு, ஆக்சிஜன் எவ்ளோ, யாரையும் புடிக்காம எழுந்து நிக்கிறானா, இவ்ளோதான் பாக்கறாங்க. யார ஒடனே பெட்டுல சேக்கணும்னு அத்த வெச்சே தெரிஞ்சிடுது. மெஷின் படத்தப் பாக்கும். "அண்ணே, செவுத்த வுட்டுட்டு நில்லுங்க"னு சொல்ல ஒரு பொண்ணு வேணும்.

ஃபேக்டரி மெடிக்கல் ரூமுக்குப் போனீன்னா இன்னும் கூத்து. ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வர்றவனுக்குக் கலர் தெரியுதான்னு பாக்க, புள்ளி புள்ளியா நம்பர் போட்ட இஷிஹாரா புக்கு கீது. மொதப் பக்கம் 12, அது எல்லாருக்கும் தெரியும். மிச்சத்த, முன்னாடி போன கில்லாடி வரிசையில நிக்கிறவனுக்கு ஓதிடுவான். பக்கத்த நீ முன்ன பின்ன பொரட்டினாத்தான் குட்டு ஒடையும். காது டெஸ்ட்ல சத்தம் கேட்டா பட்டன அமுக்கணும். பிரெஸ் ஷாப்புல வருசக்கணக்கா நின்னவன் காதால கேக்க மாட்டான், உன் வெரல் அசையறதப் பாத்து அமுக்குவான். காது மந்தம்னு எழுதிட்டா வேலைக்கு ஒல வெச்சிருவாங்களோன்னு பயம். கைய மறைச்சு டெஸ்ட்ட முடிக்கணும், அப்புறம் அவன் பயத்தையும் கேட்டுக்கணும். இந்த ரெண்டாவதுக்கு எந்த ஆப்பும் இல்ல.

சட்டக் கை மேலயே பட்டையக் கட்டி, அவன் காலத் தொங்கப் போட்டுக்கினு கத பேசறப்ப பாத்தா பிபி ஏறித்தான் காட்டும். லட்டு தின்ன வெரலக் கழுவாமக் குத்தினா சர்க்கரையும் ஏறும். அந்தத் தப்பு நம்பர வாங்கிக்கினு ஏஐ பேசும் பாரு, தப்ப அவ்ளோ தெளிவா எந்த மனுசனும் பேச மாட்டான்! வெரல்ல மாட்டற ஆக்சிஜன் கிளிப்பு இருக்குதே, அது கறுத்த தோலுக்காரங்களுக்கு ஆக்சிஜன் கொறஞ்சப்பவும் நல்லாக்கீதுன்னு காட்டிடறது ஜாஸ்தின்னு 2020ல அமெரிக்காவுல கண்டுபுடிச்சாங்க. நம்மூட்ல யாரும்மா செவப்பு? கிளிப்பு இன்னா சொன்னாலும் மூச்சு வாங்குதா, ஒதடு நீலம் பாஞ்சிக்கீதான்னு நீ பாக்கணும்.

சர்க்கரக்காரங்க கண்ணப் படம் புடிச்சா கெடுதி கீதான்னு சொல்ற மெஷின கூகுள்காரன் செஞ்சான். அத்த மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில வெச்சு நடத்தினான். தாய்லாந்துக்கும் கொண்டுபோனான். அங்க சின்ன ஆஸ்பத்திரியில வெளிச்சம் செரியில்லாம, அஞ்சுல ஒரு படத்துக்கு மேல வேணாம்னு மெஷின் திருப்பி அனுப்பிடுச்சாம். அரவிந்துல எப்பிடின்னா, பிளஸ் டூ முடிச்ச கிராமத்துப் பொண்ணுங்களையே கூட்டியாந்து ரெண்டு வருசம் பழக்கி, கண்ணு வேலையில பெரும்பகுதிய அவங்க கையில குடுத்துகிறாங்க. மெஷினுக்கு வேணும்னா அவங்ககிட்ட வந்து நிக்கட்டும்.

அப்ப பயமே வேணாமான்னா, வேணும். எதுக்குப் பயப்படணும்னு தெரிஞ்சு பயப்படு. 500 பேருக்கு மேல வேலை செய்யிற ஃபேக்டரியில ஆம்புலன்ஸ் ரூம் இருந்தே ஆவணும்னு 1948 சட்டம் சொல்லிச்சு. 2020ல போட்ட புதுச் சட்டத்துலயும் அதே 500தான். ரோபோவுக்கு ஜுரம் வராது, மாசமும் ஆவாது. ஃபேக்டரியில ஆள் கொறஞ்சா ஒன் ரூமுக்கும் பூட்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2006ல தொறந்து 2014 நவம்பர்ல மூடிச்சே, அத்த மூடினது ஏஐயா? வரித் தகராறு, யாவாரம் கை மாறினது.

இன்னொருத்தன் கீறான், அவன்தான் ஆபத்தானவன். கான்ட்ராக்ட் எடுக்கறவன். "ஏஐ வந்துடுச்சும்மா, ஒனக்கு வேலைப் பளுவே இல்ல"ன்னு ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா வருவான். மூணு பேர் பாத்த ரூமுக்கு ஒன்ன மட்டும் வெப்பான், சம்பளத்துல ரெண்டாயிரம் கொறைப்பான், மெஷினுக்குக் காசு குடுத்தேன்னு கணக்கு காட்டுவான். கவர்மென்ட்டு மட்டும் இன்னா? மக்களைத் தேடி மருத்துவத்துக்கு 2024ல ஐ.நா. விருது வந்துச்சு. பிபி மெஷினத் தூக்கிக்கினு வெயில்ல வூடு வூடா போற பொண்ணுங்களுக்கு சம்பளம்னு எழுத மனசு வரல, ஊக்கத்தொகைதான். வேலைக்குப் பஞ்சம் இல்லம்மா. அமெரிக்காவுல 2023லேர்ந்து 2033க்குள்ள மெடிக்கல் அசிஸ்டென்ட் வேலை 15 சதவீதம் கூடும்னு அந்த ஊரு கவர்மென்ட்டே கணக்கு போட்டுகிது. பஞ்சம் கூலிக்குத்தான்.

நம்ம ரேஸ் டிராக்குல பாத்துகிற இல்ல? காரு எவ்ளோ வேகமா போற காரா இருந்தாலும், ஓரமா ஆம்புலன்ஸு வந்து நின்னாத்தான் கொடிய ஆட்டுவான். அந்த எடத்துல போயி நில்லு. நீ இல்லாம கொடி ஆடக்கூடாது.

அதுக்கு இன்னா படிக்கணும்? கரண்ட் கம்பத்துல "ஆறே மாதத்தில் மருத்துவப் படிப்பு, நூறு சதவீத வேலை"ன்னு நோட்டீஸ் ஒட்டிகிறானே, அவன் சொல்ற வேலை நோட்டீஸ் ஒட்டற வேலையா இருக்கப் போவுது. 2021ல மருத்துவத் துணைப் படிப்புங்களுக்குன்னு தனிச் சட்டம் வந்துகிது. நீ சேர்ற படிப்பு அதுல பதியறதான்னு கேளு. இழுத்து மழுப்பினான்னா செருப்ப மாட்டிக்கினு வந்துடு. மேல போவணும்னா வழி கீது. டாக்டர் கே.எம். செரியன் 1992லயே மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்ப ஆரம்பிச்சு வெச்சாரு, இன்னிக்கு அது பி.எஸ்சி. டிகிரி. மெஷினு எப்ப தப்பு சொல்லும்னு கத்துக்கோ. எப்ப செரியா சொல்லும்னு அத்த விக்க வர்றவனே சொல்லிடுவான். போன் தமிழ்ல மாத்திச் சொன்னாலும் கொஞ்சம் இந்தி பேசு. "தர்த் கஹா(ன்)"னு, எங்க வலிக்குதுன்னு, நீ கேட்டா அந்த ஒடிசாப் பையன் வாயத் தொறப்பான், போன நீட்டினா நெட்வொர்க் இல்லன்னுதான் தொறப்பான்.

வேலைக்கு எடுக்கறப்ப பிஎஃப் பிடிப்பியா, ஈஎஸ்ஐ கார்டு உண்டான்னு கேளு. ஊருக்கெல்லாம் ஈஎஸ்ஐ சீட்டு எழுதிட்டு ஒனக்குக் காய்ச்சல்னா கைக்காசுல மாத்திர வாங்காத. கடைசியா இன்னொண்ணு கேளு: "சார், மெஷின் தப்பா சொல்லி ஏதானும் ஆச்சுன்னா யார் தல உருளும்?" அவன் நெளிவான். "நீங்கதாம்மா பாத்துக்கணும்"னு சொல்லுவான். சொன்னான்னா, அந்தத் தலைக்கு உண்டான வெலைய அங்கியே கேட்டு எழுதி வாங்கிக்கினு அப்புறம் கையெழுத்துப் போடு.