ஃபவுண்டர் பேருக்கு நூறு டாலர்

கேள்வி: பட்ஜெட் சின்னது. கிராபிக்ஸ் கார்டு வாங்கும்போது சிப் கம்பெனியின் ரெஃபரன்ஸ் கார்டை எடுப்பதா, ஆசூஸ், எம்எஸ்ஐ மாதிரி கம்பெனிகள் செய்து விற்கும் கார்டை எடுப்பதா?

பதில்: சிப் இரண்டிலும் ஒன்றேதான். மாறுவது போர்டு, ஹீட்சிங்க், ஃபேன், அப்புறம் அட்டைப்பெட்டியில் உறுமுகிற டிராகன்.

2013-இல் வந்த ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் ரெஃபரன்ஸ் கார்டு 95 டிகிரி வரை சூடேறும். அது சகஜம் என்றது கம்பெனி. ஃபேன் சத்தமோ, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. பிறகு மற்ற கம்பெனிகள் பெரிய ஹீட்சிங்க் வைத்து அதே சிப்பை அமைதியாக்கின. 2016-இல் என்விடியா ஜிடிஎக்ஸ் 1080-க்கு 599 டாலரில் விலை தொடங்கும் என்று அறிவித்துவிட்டு, தன் சொந்தக் கார்டுக்கு ‘ஃபவுண்டர்ஸ் எடிஷன்’ என்று நாமகரணம் செய்து 699 வாங்கியது. உள்ளே பழைய ரெஃபரன்ஸ் கார்டுகளில் இருந்த அதே ஒற்றை ப்ளோயர் ஃபேன்! 2018-இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையில்தான் இரட்டை ஃபேனுக்கு மாறியது. அதற்குப் பிந்தைய என்விடியா ரெஃபரன்ஸ் கார்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு திட்ட முடியாது.

ஆனால் உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். சின்ன பட்ஜெட்டுக்கான ஆர்டிஎக்ஸ் 3050, 3060 இரண்டுக்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் வரவே இல்லை. ஏழைகளுக்கு ஃபவுண்டர் தரிசனம் கிடையாது போலும்.

இரட்டை ஃபேன் கார்டுகளில் விலை குறைந்ததை எடுங்கள். ‘ஓசி’ (ஓவர்க்ளாக்) என்று எழுதியிருப்பதற்கும், கலர் விளக்குக்கும் கூடுதலாகக் கேட்டால், அந்தக் காசை அடுத்த படி சிப்புக்கு வையுங்கள். கேபினெட்டுக்குள் நுழையுமா என்று முதலில் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.