கணக்கு வேறு, பலன் வேறு

சித்திரைப் புத்தாண்டு கழிந்ததும் சாத்திரக் கேள்விகள் கூடிவிட்டன. இந்த முறை பதில்கள் எல்லாம் அவற்றுக்கே.

சோதிடம் வேதத்திலேயே இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?
*வாசகர் ஒருவர், சாய்ந்தமருது*

வேதத்தின் ஆறு அங்கங்களில் சோதிடமும் ஒன்று. அந்த வகையில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் லகதர் பெயரில் வழங்கும் வேதாங்க சோதிடம். அதில் செவ்வாய் தோஷம் இல்லை. ஏழரைச் சனி இல்லை. பன்னிரண்டு ராசிகள்கூட இல்லை. சூரியன், சந்திரன், திதி, 27 நட்சத்திரம் இவ்வளவுதான். ஐந்து வருடத்துக்கு 62 சந்திர மாதம், அதில் இரண்டு அதிக மாதம் என்று வேள்விக்கு நாள் குறிக்கும் கணக்கு அது. யார் எப்போது பணக்காரர் ஆவார் என்று அது சொல்லவில்லை.

அப்படியானால் ராசியும் சாதகமும் எங்கிருந்து வந்தன?
*ஆசிரியை ஒருவர், நிந்தவூர்*

பாபிலோனில் முளைத்து, கிரேக்கரிடம் வளர்ந்து, கிறிஸ்துவுக்குப் பின் வந்த முதல் நூற்றாண்டுகளில் இந்தியாவுக்கு வந்தன. ஸ்புஜித்வஜர் சமஸ்கிருதத்தில் எழுதிய நூலின் பெயரே ‘யவன ஜாதகம்’, அதாவது கிரேக்கர் சாதகம். ஹோரை, கேந்திரம், திரேக்காணம் மூன்றும் கிரேக்கச் சொற்கள்தாம். ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் இதை மறைக்கவில்லை. யவனர் அந்நியர் ஆனாலும் இந்தக் கலையில் முனிவர்போல் மதிக்கத் தக்கவர்கள் என்று எழுதினார். வாங்கிய இடத்தைச் சொல்லும் நேர்மை அவரிடம் இருந்தது. ‘எல்லாம் நம்முடையதே’ என்று மார்தட்டுகிறவர்கள் முதலில் அவரைப் படிக்கட்டும்.

சோதிடத்தில் எத்தனை கிளை?
*உயர்தர மாணவர், அக்கரைப்பற்று*

அடிமரத்தில் கிளை மூன்று. கோள்களின் நடையைக் கணக்கிடுவது கணிதம், அதையே சித்தாந்தம் என்றும் சொல்வார்கள். மழை, விளைச்சல், நாட்டு நடப்பு, வீட்டு மனை பற்றியது சங்கிதை. ஆளுக்குப் பலன் சொல்வது ஹோரை. ஹோரையிலிருந்து பிறந்த நேரத்தை வைத்துச் சாதகம், நல்ல நேரம் பார்க்க முகூர்த்தம், கேள்வி கேட்ட நேரத்தை வைத்துப் பிரசன்னம் என்று கிளைத்தது. பராசரர் முறை, ஜைமினி முறை, வைத்தீசுவரன் கோயிலின் நாடி ஏடு, கடந்த நூற்றாண்டில் கே. எஸ். கிருஷ்ணமூர்த்தி வகுத்த பத்ததி என்று அது இன்னும் நீளும். ஒரே குறிப்பை நாலு முறைக்காரரிடம் காட்டினால் நாலு பலன் வரும். கணிதத்தில் மட்டும் அப்படித் தப்ப முடியாது. கிரகணம் சொன்ன நேரத்தில் வராவிட்டால் கணக்குப் பிழை என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

முஸ்லிம்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அப்படித்தானே?
*வாசகர் ஒருவர், மருதமுனை*

நிறையச் சம்பந்தம் உண்டு. பிரம்மகுப்தர் 628இல் எழுதிய கணித நூலின் வழி வந்த இந்திய வானியல், 770களில் பக்தாதுக்குப் போய் அரபியில் ‘சிந்துஹிந்த்’ ஆனது. அந்தப் பக்தாது நகருக்கே 762இல் சோதிடர்கள்தாம் நாள் குறித்தார்கள். பிறகு அறிவு மறுபடி இந்தியாவுக்குத் திரும்பியது. அரபு, பாரசீக முறையில் ஆண்டுப்பலன் சொல்லும் கிளைக்குச் சமஸ்கிருதத்தில் ‘தாஜிகம்’ என்று பெயர். நீலகண்டர் 1587இல் எழுதிய தாஜிக நூலில் வரும் ‘இத்தசாலம்’, அரபியின் ‘இத்திஸால்’ அன்றி வேறில்லை. ஆனால் அறிஞர் இப்னு சீனா சோதிடத்தை மறுத்துத் தனி நூலே எழுதினார். பலன் சொன்னவர்களும் நம்மவர்கள், அதை மறுத்தவர்களும் நம்மவர்கள். மறுத்தவர் வழியே எனக்குப் பிடிக்கும்.

ஜும்ஆ நாளை வெள்ளிக்கிழமை என்கிறோம். அதுவும் கிரகப் பெயர்தானே?
*வாசகி ஒருவர், கல்முனைக்குடி*

ஆமாம். பகலிரவின் 24 மணிநேரத்தையும் சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன் என்று வரிசையாகப் பங்கிட்டுப் பாருங்கள். முதல் மணி சனிக்கு என்றால், மறுநாள் முதல் மணி சூரியனுக்கு வரும், அடுத்த நாள் சந்திரனுக்கு. ஏழு கிழமைகளின் வரிசை பிறந்தது இப்படித்தான். பெயர் கோளின் பெயர், தொழுகை படைத்தவனுக்கு. குழப்பமே வேண்டாம்.

ஒரே வருடப் பிறப்புக்கு வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரம், திருக்கணிதம் இன்னொரு நேரம் சொல்கின்றனவே?
*கோயில் தொண்டர், காரைதீவு*

சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நேரத்தை இரண்டும் வேறு வேறு கணக்கில் எடுக்கின்றன. வாக்கியம் என்பது மனப்பாடம் செய்யும் சொற்றொடர். எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள். 1825இல் ஜான் வாரன் வெளியிட்ட ‘கால சங்கலித’ நூலில் ஒரு சம்பவம் உண்டு. புதுச்சேரித் தமிழ்க் கணக்கர் ஒருவர் சிப்பிகளைத் தரையில் அடுக்கி, மனத்திலிருந்த வாய்பாட்டைக் கொண்டே அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிசகு நாலே நிமிடம், முடிவில் 52 நிமிடம். கருவி எதுவும் இல்லாமல் அவ்வளவு! அந்த மனிதருக்குத் தலைவணங்குகிறேன். திருக்கணிதம் இன்றைய வானியல் அளவுகளைச் சேர்த்துக்கொண்டு பிசகைத் திருத்துகிறது. பழையதைப் போற்றலாம், திருத்தியதை ஏற்கலாம்.

ஒடுக்கத்துப் புதனில் நல்ல காரியம் கூடாது என்று உம்மும்மா சொல்கிறார். கேட்கலாமா?
*வாசகி ஒருவர், சம்மாந்துறை*

உம்மும்மாவை நேசியுங்கள், காரியத்தை நடத்துங்கள். ஒடுக்கத்துப் புதன் என்பது ஸபர் மாதத்தின் கடைசிப் புதன். அந்த மாதத்தில் பீடை இல்லை என்பது நபிகளாரின் சொல். அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் நேர்ந்தது, மதீனாவில் 632 சனவரி 27இல் தெரிந்த கிரகணம் அதுதான் என்று கணக்கிடுகிறார்கள். குழந்தைக்காகவே வானம் இருண்டது என்று ஊர் பேசியது. எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று, பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் தந்தையே திருத்தினார்கள். இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

சுனாமி வந்தது பௌர்ணமி நாளில். கிரகக் கோளாறு என்பது சரியா?
*மீனவர் ஒருவர், பாண்டிருப்பு*

சரியில்லை, ஐயா. 2004 டிசம்பர் 26 பௌர்ணமிதான். ஆனால் கடலைத் தள்ளியது சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த 9.1 அளவு நிலநடுக்கம். அந்த ஒரு காலையில் நம் கரையில் மாண்ட ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே ராசியா, ஒரே தசையா? கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் சாதகம் ஒன்றா? நில அதிர்வுக்கும் அலைக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் இருந்தது. கரையை விட்டு ஓடிப் பிழைக்க அது போதும். அன்று இந்து சமுத்திரத்தில் எச்சரிக்கை அமைப்பு இல்லை, அதனால் நமக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. குறை அங்கேதான் இருந்தது, கிரகத்தில் இல்லை.

மகளுக்குச் செவ்வாய் தோஷமாம். மூன்று சம்பந்தம் தட்டிப்போய்விட்டது. என்ன செய்ய?
*ஒரு தாய், நற்பிட்டிமுனை*

அம்மா, உங்கள் மகளிடம் எந்தக் குறையும் இல்லை. புனேயில் வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் குழுவினரும் செய்த சோதனையைக் கேளுங்கள். கல்வியில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள், இவர்களின் சாதகங்களைக் கலந்து சோதிடர்களிடம் ஆளுக்கு 40 கொடுத்தார்கள். எது யாருடையது என்று பிரிக்கவேண்டும். 27 பேர் விடை அனுப்பினார்கள். சராசரியாகச் சரிவந்தது 46 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும்! அதைவிடக் குறைந்த ஒன்றுக்காக உங்கள் பிள்ளையின் வாழ்வைக் காத்திருக்க வைக்காதீர்கள். மாப்பிள்ளையின் குணத்தை விசாரியுங்கள், குடிப்பழக்கம் உண்டா என்று கேளுங்கள், இருவரின் இரத்தத்தையும் பரிசோதியுங்கள். பார்க்கவேண்டிய பொருத்தங்கள் அவைதாம்.

முடிவாக, சோதிடம் வேண்டுமா, வேண்டாமா?
*வாசகர் ஒருவர், அட்டாளைச்சேனை*

கணக்கு வேண்டும், பலன் வேண்டாம். தீமிதிப்புக்குப் பஞ்சாங்கம், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்குப் பிறை. கோயிலாரும் பள்ளியாரும் அண்ணாந்து பார்ப்பது ஒரே வானத்தைத்தான். கிழக்குக் கரையில் வாழும் நமக்குப் பிறை தெரிவது வயல் பக்கம், நட்சத்திரம் உதிப்பது கடல் பக்கம். கார்த்திகை மாத முன்னிரவில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். கிழக்கே அலைக்கு மேல் ஒரு சின்னக் கூட்டம் எழும். பக்கத்து வீட்டார் அதைக் கார்த்திகை என்பார்கள். நாம் நம் பெண்பிள்ளைகளுக்கு வைக்கும் ‘சுரையா’ என்ற பெயரும் அதே கூட்டத்தின் அரபுப் பெயர்தான். இரண்டு பெயரையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.