தேதி அண்ணன்

சின்ன ஊர் சாஃப்ட்வேர் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும் ஒரு தேதி அண்ணன் உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடம், கிளினிக், கல்யாண மண்டபம் என்று பிஹெச்பியில் அவர் எழுதிக் கொடுத்த ஃபாரங்கள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். செல்போன் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தாலும் விடமாட்டார். தேதியை மட்டும் வந்தது வந்தபடி வாங்கி ஸ்ட்ர்டோடைம் ஃபங்ஷன் கையில் கொடுத்துவிடுவார்.

"எதைக் கொடுத்தாலும் புரிஞ்சுக்கும் தம்பி. 'டுமாரோ'ன்னு கொடுத்துப் பாரேன்!"

புரிந்துகொள்ளும்தான், அமெரிக்கப் பாணியில். சாய்கோடு இருந்தால் முதலில் வருவது மாதம் என்பது அதன் தீர்மானம். ஏப்ரல் 5-இல் பிறந்த பிள்ளைக்கு அப்பா 05/04/2019 என்று நிரப்புவார். மே 4 என்று பதிவாகும். நாள் 12-ஐத் தாண்டிவிட்டால் அப்படி ஒரு மாதமே கிடையாதே, ஃபால்ஸ் என்று கைவிரித்துவிடும். அண்ணன் அதைக் கவனிக்காமல் டேட் ஃபங்ஷனுக்குத் தள்ளுவார். அது பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு 1970 ஜனவரி 1 என்று எழுதும். சர்வரின் நேர மண்டலம் நியூயார்க் என்றிருந்தால் 1969 டிசம்பர் 31. எல்.கே.ஜி. சேர்க்கைப் பட்டியலில் பாதிப்பேர் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இருப்பது இப்படித்தான்.

அண்ணன் டெஸ்டிங் செய்யாதவர் இல்லை. செய்வார், எப்போதும் 01/01/2000 போட்டு. நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் எப்படிப் படித்தாலும் சரியாகத்தானே வரும்!

புகார் வந்தால் பழி ப்ரவுசர் மேல். "சாய்கோடு வேணாம், நடுவுல சின்னக் கோடு போடச் சொல்லுங்க சார்" என்பார். அது வேலை செய்யும். சின்னக் கோட்டுக்கு நாள்தான் முதலில். ஆனால் அவசரக்கார அப்பா ஒருவர் 05.04.19 என்று புள்ளி வைப்பார். இரண்டு இலக்க ஆண்டோடு புள்ளியும் வந்தால் ஸ்ட்ர்டோடைம் அதைக் கடிகாரமாகப் படிக்கும். பிள்ளை இன்று காலை 5 மணி 4 நிமிடம் 19 விநாடிக்குப் பிறந்ததாகிவிடும். ஜாதகம் கணிக்கலாம், ஸ்கூலில் சேர்க்க முடியாது.

புதிதாகச் சேர்ந்த பெண் பொறுமையாகச் சொல்லிப் பார்ப்பாள்: "அண்ணா, டேட் இன்புட் வெச்சா திரையில எப்படிக் காட்டினாலும் 2019-04-05னுதான் அனுப்பும். ஆனா ஃபாரமே இல்லாமக்கூட யாரும் எதையும் அனுப்பலாம். அதனால இங்க கிரியேட்ஃப்ரம்ஃபார்மேட்ல வாங்கி, செக்டேட்லயும் சரிபார்த்துடலாம்."

அண்ணன் முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொள்வார். செக்டேட் இல்லாததால் 2019 பிப்ரவரி 31 மார்ச் 3 ஆகிவிடும். "பாத்தியா, தப்பாப் போட்டாலும் அதுவே திருத்திக்குது!" என்று பூரித்துப்போவார்.

இந்தத் திறமைக்கு அவரை டீம் லீடர் ஆக்கிவிடுவார்கள். 12-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த வாசகர்கள், ஆன்லைன் விண்ணப்பத்தின் நகலை ஒரு தடவை படித்துவிட்டுப் பணம் கட்டவும்.