கூலி சீமைக்குப் போன கதை

கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுக்கும் காசு. குறளிலேயே இருக்கிற சொல். இலங்கை மலையகத்து அக்கரப்பத்தனையில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஐரோப்பாவுக்குத்தான் பல நூறு வருடமாக விளங்கவில்லை.

முதலில் வந்தவர்கள் போர்த்துக்கேயர். 1505இல் இலங்கையில் இறங்கினார்கள், கறுவாவை மோப்பம் பிடித்தார்கள், மூட்டை தூக்க ஆள் தேடினார்கள். தூக்கியவன் கையை நீட்டி "கூலி" என்றிருப்பான். "ஓ, உன் பெயரா?" என்று ‘கூலே’ என எழுதிக்கொண்டார்கள். ஆதாரம் கேட்காதீர்கள், வேறு எப்படியும் நடந்திருக்காது என்று சாதிப்பேன். அவர்களிடமிருந்து ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று ஆளாளுக்கு வாங்கிக்கொண்டார்கள். காசு வழியிலேயே காணாமல் போனது. ஆள் மட்டும் மிஞ்சினான்.

ஆங்கில அகராதிக்காரர்களுக்கு இன்னும் சந்தேகம். சொல் தமிழா, குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரா? 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சனிலும் இந்தப் பட்டிமன்றம் உண்டு. வாங்கிய கடனைக் கட்ட மனமில்லாதவன் எந்தக் கடை என்று யோசிப்பானே, அந்த யோசனை. சீனர்கள் தேவலை: காதில் விழுந்ததை ‘கசப்பு’, ‘பலம்’ என்ற இரண்டு எழுத்தால் எழுதி, அர்த்தத்தையும் அவர்களே சரிப்படுத்திவிட்டார்கள்.

நம் துரைமார் தேயிலைத் தோட்டங்களுக்கு டொரிங்டன், பெல்மோரல், வேவர்லி, கிளாஸ்கோ என்று மலைக்கு மலை சீமைப் பெயராகத் தேடித்தேடி வைத்தார்கள். அந்த மலைகளில் வேலை செய்தவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பெயர்: கூலி. அவர்களோடு பேச சின்னத்துரைக்கென்று ஒரு தமிழ்க் கையேடும் அச்சானது. அதன் தலைப்பு ‘இங்கே வா’. ‘உட்காருங்கள்’ என்று இரண்டாம் பாகம் வரவில்லை.

பெயர்தான் ஆளுக்கு, காசு ஆள் சேர்த்த கங்காணிக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் அவருக்குப் பென்சுக்காசு. தலைக்குச் சொந்தக்காரனுக்குத் துண்டு! இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. அடுத்த தோட்டத்துத் துரை கடனைக் கட்டுவார், ஆள் இடம் மாறுவான், கடன் அவன் தலையிலேயே இருக்கும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

இலங்கையை ஆளாத ஜெர்மன்காரனும் இந்தச் சொல்லை விடவில்லை. 1928இல் ஹம்பர்க்கில் ஒரு பேனைக் கம்பெனி தன் சரக்குக்கு ‘டின்டென்கூலி’ என்று பெயர் வைத்தது: மைக்கூலி. பிறகு குமிழ்முனைப் பேனை வந்தது. ‘கூகல்ஷ்ரைபர்’ என்ற பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மை காய்ந்துவிடும் என்று பயந்தார்களோ என்னவோ, அதுவும் ‘கூலி’ ஆகிவிட்டது. ரயில் நிலையத்தில் பெட்டி தள்ளும் வண்டி ‘கோஃபர்கூலி’. ஸ்லோவேனியாவிலும் பேனைக்குக் கூலி என்றுதான் பேச்சு.

சும்மா சொல்லக்கூடாது, இத்தனை பேரில் ஜெர்மன்காரன்தான் நெருங்கி வந்திருக்கிறான். நம் கூலி இருப்பது பேனையில்தானே! கொழுந்து நிறை குறைந்தால் வருகைப் பதிவேடான செக்ரோலில் அரைநாள் சம்பளம் என்று அரைப்பேர் போடுவது அது. 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் கையெழுத்திட்டதும் அது. அந்த ஆயிரத்துக்கு இத்தனை கிலோ எடுக்கவேண்டும் என்று நிறையைக் கூட்டி, ஆயிரத்தை ஐந்நூறாக்கியதும் அதே பேனைதான்.