அப்பன் பெயர் தெரியாத பூசை

1870களில் சால்ஸ்பர்க் நகரக் காய்கறிக்காரர் ஒருவரிடம் பழைய தாள்கட்டு ஒன்று இருந்தது. பெரிய பெரிய தாள். முட்டைக்கோசு மடிக்க அதைவிடத் தோதானது கிடைக்காது. நல்ல நேரத்தில் பாடகர் குழுத் தலைவர் ஒருவர் வந்து வியாபாரத்தைக் கெடுத்தார் என்பது அங்கே காலங்காலமாகச் சொல்லிவரும் கதை.

பிரித்தால் உள்ளே ஒரு திருப்பலி இசை. ஒரே நேரத்தில் 53 வரி! எட்டெட்டுக் குரலாக இரண்டு பாடகர் குழு, வயலின், டிராம்போன், ஆர்கன், போதாததற்கு எக்காளமும் முரசும் இரண்டு செட். இத்தனையும் எழுதிய மகராசன் கையெழுத்துப் போட மட்டும் மறந்துவிட்டார்.

அறிஞர்கள் விடுவார்களா? சால்ஸ்பர்க் பேராலயத்தை அர்ச்சித்தது 1628-இல். அன்று 12 குழுக்கள் பாடியதாகப் பதிவு உண்டு. விழாவும் பெரிது, இசையும் பெரிது, ஜாதகம் பொருந்திவிட்டது. பிரமாண்டம் என்றால் ரோம்தானே? அங்கிருந்த இசையமைப்பாளர் ஒராசியோ பெனெவோலியைத் தகப்பனாக்கினார்கள். 1628-இல் அவருக்கு வயது 23. உண்மையில் அன்று 12 குழுக்களுக்கு எழுதியவர் ஸ்டெஃபானோ பெர்னார்டி. பாவம், அவர் எழுதியது தொலைந்தே போயிற்று. காய்கறிக்கடைத் திருப்பலி இசையை 1903-இல் இசை ஆய்வாளர் கீதோ அட்லர் பெனெவோலி பெயரிலேயே அச்சேற்றினார். எழுபது வருஷம் அதுவே வேதவாக்கு.

இத்தனைக்கும் தாளிலேயே சாட்சி உட்கார்ந்திருந்தது. ஓபோ! பிரான்சில் அந்த வாத்தியம் உருவாக 1628-இல் இன்னும் ஒரு தலைமுறை இருந்தது. 1970களில் இசை ஆய்வாளர் எர்ன்ஸ்ட் ஹின்டர்மையர் தாளையும் எழுத்தையும் ஆராய்ந்து, இது 1682-இல் சால்ஸ்பர்க் மறைமாவட்டத்தின் 1100-ஆம் ஆண்டு விழாவுக்கு எழுதியது என்றார். எழுதியவர்? பெரும்பாலும் ஹைன்ரிக் பீபர். அதே ஊர்ப் பேராயரிடம் சம்பளம் வாங்கிய வயலின்காரர். பக்கத்துத் தெருவில் ஆளை வைத்துக்கொண்டு ரோம் வரை தேடியிருக்கிறார்கள்.

அந்த 1100 கணக்காவது சரியா என்றால், அதுவும் இல்லை. சால்ஸ்பர்க் திருச்சபைக்கு அடித்தளமிட்ட புனித ரூபர்ட் 582-இல் அங்கே வந்தார் என்று வைத்துக் கொண்டாடினார்கள். அவர் வந்தது சுமார் 696-இல். நூறு வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டு மேளம் கொட்டியிருக்கிறது திருச்சபை.

1997-இல் ரைன்ஹார்ட் கோபலும் பால் மக்ரீஷும் தத்தம் குழுக்களைத் திரட்டி இதைப் பதிவு செய்தார்கள். சால்ஸ்பர்க்கில் இல்லை, இங்கிலாந்தின் ரோம்சி மடாலயத்தில். அந்தக் கால எக்காளத்துக்கு வால்வு கிடையாது, இதில் வரும் எக்காளத்துக்குச் சி மேஜரை விட்டு நகரத் தெரியாது. அது நகராததால் மற்ற 40 சொச்சம் பேரும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறார்கள். கோவிலின் மூலைக்கு மூலை நின்று ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டிய குழுக்களை இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைத்த பதிவுக்காரர்களுக்குத்தான் முதல் மாலை போட வேண்டும்.

சத்தத்தைக் கூட்டி வைத்தே கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து யார் போட்ட கூப்பாடு இது என்று கேட்டால், தயங்காமல் பெனெவோலி என்று சொல்லிவிடலாம். அவருக்குப் பழகிப்போன பழிதான்.