பரண் கணினிக்கு எந்தக் கம்பைலர்?

பரணில் 512 எம்பி ரேமோடு ஒரு 32 பிட் பென்டியம் 4 தூங்குகிறதா? காயலான் கடைக்குப் போடாமல் அதில் புரோகிராம் எழுத உத்தேசமா? வாழ்த்துகள். ஃபேன் தூசியைத் தட்டிவிட்டு மேலே படியுங்கள்.

பழசே போதும் என்பவர்களுக்கு டர்போ சி++ 3.0 இருக்கிறது. நம்மூர்ப் பொறியியல் கல்லூரி லேபில் படித்தவர்களுக்கு அந்த நீலத்திரை குலதெய்வம். சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரம் 1998-இல்தான் வந்தது. இது அதற்கும் மூத்தது. எனவே தரத்தை மீறுகிறது என்று யாரும் வாய் திறக்க முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: இதில் 'இன்ட்' 16 பிட். சம்பளப் பட்டியல் போடுவதானால் 32,767 ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள். ஒரு ரூபாய் கூடினாலும் மைனஸ் 32,768 ஆகி, கம்பெனிக்கு நீங்கள் பாக்கிதாரர் ஆவீர்கள்.

புதுசுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், ஜிசிசி 15-ஐ மூலநிரலிலிருந்து நீங்களே கட்டலாம். கையில் இருப்பது 1999-இன் ஜிசிசி 2.95 என்றால் நேராகத் தாவ முடியாது. வெறும் சி கம்பைலரை வைத்துக் கட்டக்கூடிய கடைசி வரிசை 4.7, முதலில் அது. அதை வைத்து 10. அதை வைத்து 15. ஒவ்வொரு படியிலும் ஜிசிசி தன்னைத் தானே மூன்று தடவை கம்பைல் செய்து, இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். சந்தேகப் பிராணி. சீக்கிரம் முடியட்டும் என்று 'மேக்'கோடு 'ஜே4' சேர்த்தால், ரேம் தீர்ந்து திரையில் 'கில்டு' என்று ஒற்றை வார்த்தை வரும். கரண்ட் போகும் ஊரென்றால் தொடங்கவே வேண்டாம்.

கட்டி முடித்தாலும் உங்கள் பழைய நிரல் ஓடுமா? அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை சி மொழி 1999-லேயே நீக்கிவிட்டது. ஜிசிசி கால் நூற்றாண்டு முணுமுணுத்துவிட்டு, 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பில்தான் அதைப் பிழையாக்கியது. பழைய ரெக்கார்டு நோட்டு புரோகிராம்கள் பல அங்கேயே படுத்துவிடும்.

விளையாட்டு போதும். டெபியன் 12-ஐப் போட்டு, அதோடு வரும் ஜிசிசி 12-ஐ வைத்துக்கொள்ளுங்கள். சி++17 வரை தாராளமாக எழுதலாம். 32 பிட் பெட்டிகளுக்கு இன்ஸ்டாலர் தந்த கடைசி டெபியன் அதுதான். 13-இல் கிடையாது.