கயிறு யார் கையில, மாப்ளே?

என்ன மாப்ளே, மூஞ்சி தீஞ்ச தோசை மாதிரி இருக்கு? லாக்-அவுட் அமுக்கியும் பாப்-அப் விண்டோ மூட மாட்டேங்குதா? அதுக்கா ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மல்லுக்கட்டின?

"எந்தக் கிறுக்கன் எழுதின கோடு"ன்னு திட்டுனது காதுல விழுந்துச்சு. நான் இப்ப ஆடு மேய்க்கிறவன்தான். 1999-ல சென்னையில உக்காந்து நானும் இதே கிறுக்குத்தனத்தைப் பண்ணினவன். அப்ப ஃப்ரேம்னா அம்புட்டு மவுசு. நெட்ஸ்கேப் 2-ல வந்து, 1997-ல ஹெச்டிஎம்எல் 4-லயும் எல போட்டு உக்காந்துருச்சு. ஹெச்டிஎம்எல் 5 பின்னாடி தள்ளி வச்சாலும், உங்க கம்பெனிக்கு அத்துவிட மனசு வரல.

சரி, காட்டு. விண்டோ.ஓப்பன் குடுத்த கயித்தை, அதான் அந்த விண்டோவோட ரெஃபரன்ஸை, எங்க கட்டியிருக்க? வலப்பக்க ஃப்ரேம்ல, ஒரு வேரியபிள்ல. அடேயப்பா, படிச்ச புள்ள! அந்த ஃப்ரேம் லிங்க்குக்கு லிங்க் புதுசாப் பொறக்குதேய்யா. போன ஜென்மத்து ஆட்டை அது எங்க போய்த் தேடும்?

வெளிய இருக்குற ஃப்ரேம்செட்டைப் பாரு. உள்ள எத்தனை பக்கம் மாறினாலும் அது அசையாது. முளைக்குச்சியை அங்க அடி. எந்த ஃப்ரேமுக்கு விண்டோ வேணுமானாலும் அந்த ஃப்ரேம்செட்டை, அதான் 'டாப்'பை, கூப்பிட்டுத் திறக்கட்டும். திறந்ததெல்லாம் அங்க ஒரு பட்டியல்ல ஏறட்டும். லாக்-அவுட் அந்தப் பட்டியலை ஒரு சுத்து வந்தா முடிஞ்சுது.

பேரும் வையி. 'பிளாங்க்'னு விட்டா கிளிக்குக்கு ஒரு குட்டி போடும். பதினோரு பில் விண்டோ நின்னுச்சுன்னு கஸ்டமர் கத்தினானே, அது இதான். 'பில்'னு பேர் இருந்தா அதே விண்டோவுலயே வந்து விழும். பேருக்கு நடுவுல இடைவெளி விட்டுறாத, எக்ஸ்ப்ளோரர் கோவிச்சுக்கும். அதை 2022 ஜூன்லயே வீட்டுக்கு அனுப்பியாச்சுதான். ஆனா நீங்க எட்ஜ் திண்ணையில ஐஇ மோடுன்னு படுக்கப் போட்டுக் கஞ்சி ஊத்துறீங்களே!

எவனாவது எஃப்5 அமுக்கினா பட்டியலும் போயிரும். அப்பவும் பேருதான் கைகுடுக்கும். முகவரியைக் காலியா விட்டு, பேரை மட்டும் சொல்லி விண்டோ.ஓப்பன் போடு, விண்டோ இருந்தா பக்கம் கலையாமக் கயிறு கைக்கு வரும். இல்லாட்டி வெறும் விண்டோ ஒண்ணு முழிச்சுக்கிட்டு நிக்கும், மூடிரு.

கயிறு இருக்குங்கிறதுக்காக ஆடு இருக்குன்னு நம்பிறாத. ஆளு எப்பவோ மூடிட்டுப் போயிருப்பான். 'குளோஸ்டு'ன்னு ஒரு சமாச்சாரம் இருக்கு, அதைப் பாத்துட்டு இழு. உன் கோடு திறக்காத விண்டோவை மூடவும் போகாத. ஊரான் ஆட்டை அவுக்க பிரவுசர் விடாது.

ரியாக்ட்ல மொத்தமா மாத்தி எழுதணுமா? ஓடு ஒண்ணு ஒழுகுதுன்னா வீட்டை இடிப்பியாக்கும்!

மேனேஜர் எத்தனை நாளாகும்னு கேட்டா, பதினஞ்சு வரின்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சிராத. ரெண்டு வாரம்னு சொல்லிட்டு இங்கேயே இரு. கம்மாக்கரைக்கு ஆடு ஓட்ட ஆள் இல்லாமக் கிடக்கேன்.